ஏஜென்சி கான்ட்ராக்டில் "எல்லா வரிகளும் உட்பட" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

ஏஜென்சி வழியாக ஐடி கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போலீஸில் புகார் கொடுக்கும்படியாக எனக்கு எதுவும் நடக்கவில்லை. என்னைக் கவிழ்த்த வாசகங்கள் எல்லாம் நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தன.

2023 பிப்ரவரியில் வேலை போனது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பன்னிரண்டு வருட அனுபவம் இருந்தது. வீட்டுக் கடனும் இருந்தது. மார்ச் கடைசியில் சென்னையிலேயே உள்ள ஒரு ஏஜென்சியிலிருந்து போன். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி, மாதம் 1,80,000 ரூபாய், திங்கட்கிழமையே சேர வேண்டும் என்றார்கள். "பிஎஃப் பிடித்தமெல்லாம் கிடையாது சார், பத்து பர்சென்ட் டிடிஎஸ் மட்டும்தான். கைக்கு நல்லா வரும்" என்றார் பேசியவர். சனிக்கிழமை சாயங்காலம் பதினான்கு பக்க ஒப்பந்தம் மெயிலில் வந்தது. "ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தான் சார், எல்லாரும் போடறதுதான்." தொகை சரியாக இருக்கிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். போனிலேயே ஓடிபி போட்டுக் கையெழுத்து முடிந்தது.

அதில் என்னைக் "கன்சல்டன்ட்" என்று போட்டிருந்தார்கள். பதவியின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். நான் சம்பளக்காரன் இல்லை, தனியாகத் தொழில் செய்கிறவன் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏஜென்சியின் பேரோலில் ஊழியராகச் சேர்ந்திருந்தால் பிஎஃப், கிராஜுட்டி, சம்பளத்துக்குச் சான்றாகக் கம்பெனி தரும் படிவம் 16 எல்லாம் கிடைத்திருக்கும். கன்சல்டன்ட் என்பதால் அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194ஜெ பிரிவில் 10 சதவீதம் டிடிஎஸ்ஸாக, அதாவது முன்கூட்டியே வரியாக, பிடித்துக்கொண்டு அதற்குப் படிவம் 16ஏ தந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆபீஸில் நான் ஊழியன் மாதிரியேதான் இருந்தேன். காலை ஒன்பதரைக்குக் கார்டு ஸ்வைப், அவர்கள் கொடுத்த லேப்டாப், லீவுக்கு மேனேஜர் அனுமதி. லீவு எடுத்தால் சனிக்கிழமை வந்து ஈடுகட்ட வேண்டும். வீட்டுக் கடனில் டாப்-அப் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான் முதலில் உறைத்தது. படிவம் 16 இல்லை என்றதும் அந்த அதிகாரி என்னைச் சுயதொழில் வரிசைக்கு மாற்றினார். தொழில் வருமானம் காட்டிய பழைய ரிட்டர்ன்களைக் கேட்டார். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வருமான வரியை மட்டும் பார்த்தால் எனக்கு லாபம்தான். அப்போதைய சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம் என்று இருந்தது, ஐடி தொழிலுக்கும் அது பொருந்தியது. அந்த வருடம் வந்த 21,60,000 ரூபாய்க்கு 10,80,000 மட்டும் வருமானமாகக் காட்டினேன். பிடித்த டிடிஎஸ்ஸில் ஒரு லட்சத்துக்கு மேல் ரீஃபண்டாகத் திரும்ப வந்தது. வரித்துறையில் என் பெயரில் உள்ள வரிக் கணக்கான 26ஏஎஸ்ஸில் டிடிஎஸ் ஏற்றுவதில் ஏஜென்சி ஒருநாளும் தவறவில்லை. ஆனாலும் ஆடிட்டர் எச்சரித்தார். ஸ்வைப்பும் லீவு அனுமதியுமாக வேலை பார்த்துவிட்டு, "நான் தொழில் செய்கிறேன்" என்று சொன்னால், உண்மையில் இது சம்பளம்தானே என்று வரித்துறை கேட்க இடமிருக்கிறது. தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ள மாட்டார்கள்.

என்னை உண்மையில் அடித்தது ஜிஎஸ்டி. சேவை செய்கிறவரின் வரவு ஒரு நிதியாண்டில் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், அதுவும் 30 நாளுக்குள். மாதம் 1,80,000 என்றால் பதினொரு பில்லில் 19,80,000. மார்ச் பில்லில் எல்லை தாண்டிவிட்டது. 2024 ஏப்ரலில் ஆடிட்டர் கணக்கைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யச் சொன்னார். சரி, இனி பில்லில் 18 சதவீதம் சேர்த்துப் போடுவோம், ஏஜென்சி கொடுக்கும், நான் அரசுக்குக் கட்டிவிடுவேன் என்று நிம்மதியாக இருந்தேன். பில்லைத் திருப்பி அனுப்பினார்கள்.

"அக்ரிமென்ட்ல இன்க்ளூசிவ்னு தெளிவா இருக்கே சார். 1,80,000க்கு மேல ஒரு ரூபா தர முடியாது."

ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது அந்த வாசகம்: கட்டணம் பொருந்தக்கூடிய எல்லா வரிகளும் உட்பட. அதாவது 1,80,000க்குள்ளேயே வரியும் அடக்கம். என் கட்டணம் 1,52,542 ஆனது, மீதி 27,458 ஜிஎஸ்டி. வேலை அதே வேலைதான். ஆடிட்டர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஏன் தம்பி, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி என்கிட்ட காட்டியிருக்கக் கூடாதா?" என்றார்.

இன்னொன்றையும் அவர்தான் விளக்கினார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். ஏஜென்சி ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம். நான் கட்டும் அந்த 27,458 ரூபாயை அவர்கள் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டு, கிளையன்டிடம், அதாவது நான் வேலை பார்த்த கம்பெனியிடம், வாங்கும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். எனக்குத் தனியாக 18 சதவீதம் கொடுத்திருந்தாலும் அவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. கொடுக்காததால் மாதம் 27,458 ரூபாய் அவர்களுக்கு மிச்சம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து பில்லுக்கு 1,37,290 ரூபாய். நான் வேலை செய்து சம்பாதித்தது, அவர்கள் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

2024 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. பிற்பகலில் ப்ராஜெக்ட் மூடிவிட்டது, லேப்டாப்பை ஒப்படைத்துவிடுங்கள் என்றார்கள். நான் விலகினால் 60 நாள் நோட்டீஸ், இல்லையென்றால் இரண்டு மாதக் கட்டணம் அபராதம். அவர்கள் விலக்கினால் உடனே. இதுவும் அதே தாளில் இருந்ததுதான். ஜூலை, ஆகஸ்ட் பில்கள் இரண்டும் பாக்கி. கேட்டால், "கிளையன்ட்கிட்ட இருந்து வரல சார், வந்ததும் போட்டுடுவோம்." கிளையன்ட் கொடுத்தால்தான் எனக்குக் கொடுப்பார்கள் என்று அதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம்.

ஜிஎஸ்டி அப்படிக் காத்திருக்காது. பணம் வந்ததா என்று பார்ப்பதில்லை, பில் போட்ட தேதிதான் கணக்கு. அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கைக்கு வராத பணத்துக்காக 54,916 ரூபாயைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினேன். வேலையும் இல்லாத மாதம் அது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வாயே திறக்காமல் இருந்தேன்.

இதற்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நம்மைப் போல ஒற்றை ஆளாகத் தொழில் செய்கிறவரும் அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகக் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பணம் தாமதமானால் அரசிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். நான் பதிவு செய்தது வேலை போன பிறகு. முன்னால் போட்ட பில்களுக்கு அது நிற்பது கடினம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கான்ட்ராக்டில் சேருவதற்கு முன்பே செய்துவிடுங்கள், ஆதாரும் பானும் இருந்தால் போதும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். நவம்பரில் ஜூலை பில் வந்தது. ஆகஸ்ட் பில்லுக்கு டிடிஎஸ் போக வரவேண்டிய 1,64,746 ரூபாய் இன்னும் வரவில்லை.

2025 ஜனவரியில் வேறொரு ஏஜென்சி மூலம் வேலை கிடைத்தது. அதிலும் கன்சல்டன்ட்தான், அதே மாதிரி ஒப்பந்தம், அதே "எல்லா வரிகளும் உட்பட". இந்த முறை கையெழுத்துப் போடாமல் போன் செய்தேன். கட்டணம் ஜிஎஸ்டி தனி என்று எழுதுங்கள், நோட்டீஸ் இரண்டு பக்கமும் 30 நாள் என்று போடுங்கள், பணம் பில் தேதியிலிருந்து 45 நாளில் வர வேண்டும், கிளையன்ட் கொடுத்தால்தான் என்ற வாசகத்தை எடுங்கள் என்றேன். வேலை கைநழுவிப் போய்விடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "சரி சார், மாத்தி அனுப்பறேன்" என்றார் ஏஜென்சியில் பேசிய பெண். பத்து நிமிடத்தில் திருத்திய தாள் மெயிலில் வந்துவிட்டது.