மரபணு மாற்றப்பட்ட காய்கனிகளைத் தவிர்க்க எதை நம்புவது: ஸ்டிக்கர் எண்ணையா, முத்திரையையா, பட்டியலையா?

அமெரிக்காவில் காய்கனி வாங்கும்போது மரபணு மாற்றப்பட்டவற்றைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: பழத்தின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் பார்ப்பது, அரசின் ‘பயோஎன்ஜினியர்டு’ (மரபணு மாற்றப்பட்டது) அறிவிப்பைத் தேடுவது, ஆர்கானிக் அல்லது வண்ணத்துப்பூச்சி முத்திரை உள்ளதை மட்டும் வாங்குவது, எந்தப் பயிர்கள் மாற்றப்பட்டவை என்ற பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு விளைந்த நாட்டைப் பார்ப்பது. எங்கள் வீட்டில் நான்கையும் கடைப்பிடித்துப் பார்த்த பின், நான்காவதை முதன்மையாகக் கொண்டு, பட்டியலில் உள்ள சிலவற்றுக்கு மட்டும் ஆர்கானிக் முத்திரையைத் தேடுவது என்று முடிவு செய்தோம். இவற்றை உண்பதால் கேடு வரும் என்று நான் வாதிடவில்லை. எதை வாங்குகிறோம் என்பதைத் தெரிந்து வாங்கும் உரிமை நமக்கு வேண்டும் என்பதே என் அக்கறை.

எண்ணைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 4011 என்பது சாதாரண வாழைப்பழம், 94011 என்பது ஆர்கானிக் வாழைப்பழம். ஒன்பதில் தொடங்கும் ஐந்து இலக்க எண் ஆர்கானிக் என்பதைக் குறிக்கும். எட்டில் தொடங்கினால் மரபணு மாற்றப்பட்டது என்று தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓயாமல் சுற்றிவரும் செய்தியை நம்ப வேண்டாம். அப்படி ஓர் ஏற்பாடு காகிதத்தில் இருந்தது உண்மை. ஆனால் கடைகளில் அது புழக்கத்துக்கு வரவே இல்லை, அந்த எண்களை நிர்வகிக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பே 2015இல் அதைக் கைவிட்டுவிட்டது. ஆகவே எட்டில் தொடங்கும் எண் இல்லை என்பதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

அரசின் அறிவிப்பு 2022 ஜனவரி முதல் கட்டாயம். நோக்கம் நல்லது, ஆனால் காய்கனிப் பகுதியில் அது கண்ணில் படுவது அரிது. எழுத்தாகவோ சின்னமாகவோ மட்டுமல்லாமல், கைப்பேசியில் வருடிப் பார்க்கும் க்யூஆர் குறியாகவும் அதைத் தர சட்டம் இடம் தருகிறது. குவித்து விற்கும் பொருளாக இருந்தால் அறிவிப்பு குவியலின் அருகேயுள்ள பலகையில் இருக்கும். பலகை நகர்ந்துவிட்டாலோ வேறொரு பெட்டியின் சரக்கு அதில் கொட்டப்பட்டாலோ வாங்குபவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

வண்ணத்துப்பூச்சி முத்திரை, மரபணு மாற்றம் தவிர்க்கப்பட்டது என்பதற்குத் தனியார் அமைப்பு ஒன்று தருவது. பொட்டலமிட்ட உணவுகளில் அது பெரிதும் பயன்படுகிறது. உதிரிக் காய்களில் அதை நான் அதிகம் பார்த்ததில்லை, எனவே அதைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. ஆர்கானிக் முத்திரை உறுதியானது. மரபணு மாற்றிய விதையை விதிகள் அடியோடு தடை செய்கின்றன, பண்ணைகளில் ஆண்டுதோறும் நேரடி ஆய்வு நடக்கிறது, சான்று தரும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் பதிந்தவற்றில் குறைந்தது 5 விழுக்காட்டுப் பண்ணைகளிலோ ஆலைகளிலோ மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அதன் குறை விலைதான். வெங்காயம், கேரட், திராட்சை, ஆரஞ்சு என்று கூடையில் விழும் எல்லாவற்றுக்கும் அந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பது, பூச்சிமருந்தைத் தவிர்க்க நினைப்பவர்களுக்குப் பொருந்தலாம். மரபணு மாற்றத்தை மட்டும் தவிர்க்க நினைப்பவர்களுக்கு அது வீண் செலவு.

ஏனெனில் பட்டியல் அவ்வளவு சிறியது; என் முடிவை நிர்ணயித்ததும் அதுவே. புதிதாகப் பறித்து விற்கப்படும் காய்கனிகளில் மரபணு மாற்றப்பட்டு இன்று அமெரிக்கச் சந்தையில் இருப்பவை ஹவாய்ப் பப்பாளி, ஸ்வீட் கார்ன், சுக்கினியும் மஞ்சள் ஸ்குவாஷும், சில உருளைக்கிழங்கு வகைகள், வெட்டினால் பழுப்பு நிறமாகாத ஆர்க்டிக் ஆப்பிள், இளஞ்சிவப்புச் சதை கொண்ட அன்னாசி, அண்மையில் வந்த ஊதாத் தக்காளி ஆகியவை மட்டுமே. கடைசி மூன்றும் தங்கள் புதுமையைச் சொல்லியே விற்கப்படுவதால் தெரியாமல் வாங்கிவிடும் அச்சம் இல்லை. விதையில்லாத் திராட்சை, விதையில்லாத் தர்பூசணி, கொடியோடு விற்கும் தக்காளி எதுவும் இதில் சேராது. அவை வழக்கமான ஒட்டு, கலப்பு முறைகளில் வந்தவை.

பப்பாளியில்தான் இந்த வழியின் பலம் தெரியும். ஹவாயின் பூனா வட்டாரத்தில் 1992இல் வளையப்புள்ளி வைரஸ் பரவித் தோட்டங்கள் அழிந்தபோது, டென்னிஸ் கொன்சால்வஸ் தலைமையிலான குழு, அந்த வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவையே பப்பாளிக்குள் செலுத்தி, நோயை எதிர்க்கும் சன்அப், ரெயின்போ என்ற இரகங்களை உருவாக்கியது. 1998இல் அவற்றின் விதை விவசாயிகளுக்குக் கிடைத்தது. இன்று ஹவாயில் விளைவதில் பெரும்பகுதி அவ்வகையே. மாற்றப்படாத கபோஹோ இரகத்தையும் சன்அப்பையும் கலந்து பிறந்தது ரெயின்போ என்பதால், கபோஹோவையும் ரெயின்போவையும் பிளந்து வைத்தாலும் மஞ்சள் சதையைக் கொண்டு எது எது என்று நம் கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் பெரிய கடைகளில் புதிய காய்கனிகளுக்கு விளைந்த நாட்டைக் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம். ஸ்டிக்கரில் மெக்சிகோ என்றோ குவாத்தமாலா என்றோ இருந்தால், அங்கே மாற்றிய பப்பாளி வணிகமாக விளைவதில்லை என்பதால், மரடோல் போன்ற நீண்டு பருத்த பழத்தை ஐயமின்றி எடுக்கலாம். 2017இல் மெக்சிகோப் பப்பாளியால் சால்மோனெல்லா தொற்று பரவியதையும் சொல்லியாக வேண்டும். தோலை நன்றாகக் கழுவிய பிறகே வெட்டுங்கள். ஹவாய்ப் பழம்தான் வேண்டும் என்றால் ஆர்கானிக் முத்திரை உள்ளதை வாங்குங்கள்.

ஸ்வீட் கார்னுக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. அது பெரும்பாலும் உள்நாட்டிலேயே விளைகிறது, மாற்றியதும் மாற்றாததும் ஒரே தோற்றம், மட்டையோடு குவித்திருக்கும் கதிரில் ஸ்டிக்கரும் இருப்பதில்லை. உள்நாட்டுச் சுக்கினிக்கும் இதே நிலைதான். இவற்றுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுத்து ஆர்கானிக் வாங்குகிறோம். கோடைக்கால உழவர் சந்தையில் முத்திரை இல்லாமல் விற்கும் விவசாயிகளிடம் எந்த இரக விதை போட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் சொல்கிறார்கள்.

நம்மவர் நடத்தும் மளிகைக் கடைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சிறு கடைகளுக்கு நாட்டின் பெயரைக் குறிப்பிடும் கட்டாயம் இல்லை என்பதால், திறந்த பெட்டியில் இருக்கும் காயைப் பற்றி அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைத்தான் படிக்க வேண்டும். மரபணு மாற்றிய உணவுகள் என்று அரசு வெளியிட்டுள்ள பட்டியலில் கத்திரிக்காய் இருப்பதைக் கண்டு அஞ்சுகிறவர்கள், அங்கே குறிப்பிடப்படுவது வங்கதேசத்தில் விளையும், பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய பிடி (Bt) கத்திரி என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே நம் கடைகளில் நான் பார்க்கும் பெட்டிகளில் மெக்சிகோ, ஹோண்டுராஸ் என்றே இருக்கிறது. இந்தியாவில் பிடி கத்திரிக்கு 2010 பிப்ரவரியில் விதித்த தடை இன்னும் நீங்கவில்லை.

பட்டியல் கைவிடும் இடம் மரபணு திருத்தம். வெளியிலிருந்து மரபணு எதையும் சேர்க்காமல், உள்ளதையே திருத்தி உருவாக்கும் பயிர்கள் வழக்கமான முறையிலும் பெறக்கூடியவையாக இருந்தால் அறிவிப்புச் சட்டத்துக்குள் வருவதில்லை. காரம் குறைத்த கடுகுக்கீரை 2023இல் அப்படித்தான் வெளிவந்தது. ஆர்கானிக் விதிகள் அதையும் ஏற்பதில்லை. எனவே கீரையும் சாலட் இலையும் வாங்கும்போது நான் பட்டியலை விட்டுவிட்டு முத்திரையையே பார்க்கிறேன்.