தூக்கு வழக்கு: தனியார் வழக்கறிஞரா, சட்ட உதவி வழக்கறிஞரா?

கொலை வழக்கில் மகன் கைதானால், தருமபுரிப் பக்கத்துக் குடும்பம் நிலத்தை அடமானம் வைத்தாவது தனியார் வழக்கறிஞரைத் தேடும். விரும்பியவரை அமர்த்தலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம் என்பது உண்மையான பலம். ஆனால் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும், பிறகு டெல்லியில் உச்ச நீதிமன்றம். பாதி வழியில் பணம் தீர்ந்துவிடும்.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு தரும் வழக்கறிஞருக்குக் கட்டணம் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இந்த உதவி உண்டு. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில், குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாரிக்கக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழு நாள் எனக்குப் போதவே போதாது என்று படுகிறது.

இருவரையும் அளக்க வேண்டிய இடம் தண்டனை குறித்த வாதம். 2000இல் தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் பஸ் எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் உயிரிழந்தனர். அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் இல்லை. குற்றவாளிகள் மூவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2010இல் உறுதிசெய்த அதே உச்ச நீதிமன்றம், 2016இல் சீராய்வில், அதாவது தன் தீர்ப்பைத் தானே மறுபரிசீலனை செய்தபோது, ஆயுளாகக் குறைத்தது. கும்பல் வெறியில் நிதானம் இழந்தவர்கள் என்ற வாதம் அப்போதுதான் எடுபட்டது.

குற்றவாளியின் வளர்ப்பு, மனநிலை, சிறை நடத்தை ஆகியவற்றை முதல் நீதிமன்றத்திலேயே திரட்டி வைப்பவர் யாரோ, அவரையே நான் தேர்வேன். அவர் இலவச வழக்கறிஞராக இருந்தாலும் தயங்க மாட்டேன்.