குல்மார்க்கா, ஔலியா? குடும்பத்தோடு பனிச்சறுக்கு

பயணம்: காஷ்மீரின் குல்மார்க், ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து சுமார் 2 மணி நேரம்.
உத்தராகண்டின் ஔலிக்கு, ரிஷிகேஷ் முதல் அடிவார ஊரான ஜோஷிமட் வரையே 250 கி.மீ. மலைப்பாதை. வாந்தி எடுக்கும் பிள்ளையென்றால் நடுவில் ஓரிரவு தங்குங்கள். ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்கு ஏறும் ரோப்கார் 2023 ஜனவரியில், நிலம் தாழ்ந்தபோது நின்றது. அதை நம்பித் திட்டம் போடவேண்டாம்.

பனி: குல்மார்க்கில் பெரும்பாலும் தாராளம்.
ஔலியில் சில வருடம் ஏமாற்றும், பிப்ரவரி பரவாயில்லை.

சரிவு: குல்மார்க்கில் பிள்ளைகளுக்கு அடிவாரப் புல்வெளி போதும். கொண்டோலா என்னும் ரோப்காரின் இரண்டாம் கட்டம் எட்டுவது சுமார் 3,950 மீட்டர் உயரம். பனிச்சரிவு அபாயமுள்ள இடம், கற்றுக்குட்டிகளுக்கு அங்கே வேலையில்லை.
ஔலியில் சரிவுகள் குறைவு, கற்க வசதி.

அமைதி: ஔலிதான். குல்மார்க்கில் பனியில் பலகை வண்டி இழுக்கும் ஸ்லெட்ஜ்காரர்களின் பேரமே தனிச் சத்தம்.

நாலு நாள் லீவென்றால் குல்மார்க், அதுவும் வார நாளில். ஒரு வாரமும் பொறுமையும் இருந்தால் ஔலி. எங்கேயானாலும் வாடகை பூட்ஸுக்குள் ஒரே ஜோடி சாக்ஸ். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் விறைக்கும்.