பழ டீ: எது சூட்டுக்கு, எது ஐஸுக்கு?

பீச், எலுமிச்சை, ஸ்ட்ராபெரி, செம்பருத்தி கலந்த பெர்ரி. கடையில் சுலபமாகக் கிடைக்கும் இந்த நான்கு வகைகளை இரண்டு விதமாகவும் ஒப்பிட்டோம்.

சூடாக என்றால் ஒரு பைக்கு (2 கிராம்) 200 மி.லி. கொதித்த நீர், 3 நிமிடம், கோப்பையை மூடி வையுங்கள். திறந்து வைத்தால் பழ வாசனை ஆவியோடு போய்விடும். 5 நிமிடம் தாண்டினால் துவர்ப்பு எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

இதே டீயில் ஐஸ் போட்டால் வெறும் தண்ணீர்தான். ஐஸ் டீக்கு இரண்டு பைகளை 120 மி.லி. நீரில் 4 நிமிடம் ஊறவைத்து, சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்து, தம்ளர் நிறைய ஐஸ் மேல் ஊற்றுங்கள். ஆறும்போது டீ கலங்கினால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. கஃபீனும், தேயிலைக்குத் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களும் சேர்ந்து திரள்வதுதான். கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளியும். நீலகிரித் தேயிலை பொதுவாக அவ்வளவு கலங்காது.

பீச் ஐஸில்தான் அருமை; சூட்டில் மிட்டாய் வாடை தூக்கல். எலுமிச்சை இரண்டிலும் தேறும், புளிப்பால் நிறம் வெளிறுவது இயல்பே. ஸ்ட்ராபெரியை வாங்க வேண்டாம்: பாக்கெட்டில் மணம், நாக்கில் ஒன்றுமில்லை.

எங்கள் தேர்வு செம்பருத்தி பெர்ரிதான். தேயிலை சேராத கலவையாகப் பார்த்து வாங்கினால் கஃபீன் இருக்காது, இரவிலும் குடிக்கலாம். துவர்க்கும் தேயிலை இல்லாததால் இது மட்டும் 7 நிமிடம் ஊறட்டும். ஐஸோடு சிட்டிகை உப்பு சேர்த்தால் புளிப்பு இதமாகும். பால் மட்டும் ஊற்றாதீர்கள், திரிந்துவிடும்.