ஹார்ட் டிஸ்க்கா, டேப்பா: அலுவலகக் காப்புப் பிரதிக்கு எது?

தவறுதலாக அழித்த ஒரு கோப்பை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சில நொடிகளில் மீட்டுவிடலாம். எல்டிஓ என்னும் காந்த நாடா வகையின் ஒன்பதாம் தலைமுறையான, 1,000 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள எல்டிஓ-9 டேப்பிலோ, நாடா சுழன்று அந்த இடத்துக்கு வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டும். ஆயினும் உள்ளங்கையில் அடங்கும் அந்த நாடாப் பெட்டி (கார்ட்ரிட்ஜ்), தரவைச் சுருக்காமலே 18 டெராபைட் கொள்ளும். அலமாரியில் இருக்கும்போது மின்சாரமும் கேட்காது. வலையமைப்பில் புகுந்த ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீய மென்பொருள்), எந்நேரமும் இணைந்திருக்கும் டிஸ்க்கைப் பூட்டிவிடக்கூடும். டேப்பைப் படித்து எழுதும் கருவியான டிரைவிலிருந்து எடுத்து நாம் பூட்டிவைத்த டேப்பை அதனால் தொட முடியாது. டேப்பின் பக்கம் என்னைச் சாய்ப்பது இதுவே. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர் சிலரின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுளே டேப்பிலிருந்துதான் அவற்றை மீட்டது. சிறு நிறுவனங்களை மிரட்டுவது டிரைவின் விலை. போதாக்குறைக்கு, எல்டிஓ-9 டிரைவ் இரண்டு தலைமுறை பழைய எல்டிஓ-7 டேப்பைப் படிக்காது என்பதால், பழைய டிரைவையும் பத்திரப்படுத்த வேண்டியிருக்கும்.