செட்டிநாட்டு வீடுகளைக் காரில் சுற்ற: கானாடுகாத்தானா, காரைக்குடியா, தேவகோட்டையா?

வழிகாட்டி வைத்துக்கொள்ளாமல் சொந்தக் காரில் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் கிளம்புகிறவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது. பெரும்பாலான கதவுகள் பூட்டியிருக்கும். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) என்று வந்தால்தான் முகப்புக் கதவு திறக்கும். ஆகவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இரண்டைத்தான் கேட்டுக்கொள்வேன்: உள்ளே விடும் வீடு அந்த வழியில் உண்டா? விடாவிட்டாலும் தெருவில் நடந்து பார்க்க ஏதேனும் உண்டா?

இரண்டுக்கும் ஆம் என்று சொல்வது கானாடுகாத்தான் – ஆத்தங்குடிப் பாதை. காரைக்குடியிலிருந்து திருமயம் போகும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் கானாடுகாத்தான். எல்லோரும் நேராக ஓடுவது ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனைக்கு. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவரின் வீடு என்பதால் அந்த ஆர்வம் நியாயம்தான். ஆனால் முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே போங்கள். ஊரின் அருமை தெருக்களில் இருக்கிறது. கோடு கிழித்ததுபோல் நேரான, அகலமான தெருக்கள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லை என்று நீளும் வீடுகள். முகப்பு, வளவு எனும் நடுமுற்றப் பகுதி, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பதால், கதவுகள் திறந்திருக்கும் நாளில் திண்ணையில் நின்றே பின்கட்டு வெளிச்சம் வரை பார்த்துவிடலாம். சி.வி.சி.டி., சி.வி.ஆர்.எம். என்று விலாசத்தாலேயே, அதாவது குடும்பத்தின் தலைப்பெழுத்துகளாலேயே, அழைக்கப்படும் இரட்டை வீடுகளும் இங்கேதான். காரை ஊருணிக்கரையில் நிழல் பார்த்து நிறுத்திவிட்டு நடப்பதே உத்தமம். வண்டிக்குள் இருந்தபடி பார்த்தால் மதில்தான் தெரியும்.

பள்ளத்தூரும் கொத்தமங்கலமும் பக்கத்திலேயே. நேரம் இருந்தால் நுழையலாம். இல்லையென்றால் ஆத்தங்குடிக்கு வண்டியைத் திருப்புங்கள். அங்கே பெரிய வீடு என்று ஊரார் சொல்லும் லட்சுமி விலாஸில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, வண்ணம் தீட்டிய மரக்கூரை எல்லாவற்றையும் அண்ணாந்தும் குனிந்தும் நிதானமாகப் பார்க்கலாம். இதைவிட எனக்குப் பிடித்தது ஊரில் உள்ள தரைக்கல் பட்டறைகள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது. அந்த மினுமினுப்பு கண்ணாடி தந்தது. வீட்டுத் தரையைப் பார்த்த கையோடு அது உருவாகும் விதத்தையும் பார்க்கும் வாய்ப்பு மற்றப் பாதைகளில் இல்லை.

காரைக்குடி வேறு கணக்கு. ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியே நின்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான். தெருக்களில் வண்டி நிறுத்துவது பெரும்பாடு. ஆனால் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைத் தவறவிடக் கூடாது. செதுக்கிய நிலைகள், பீங்கான் பூசிய பாத்திரங்கள், தேக்குத் தூண்கள் எல்லாம் குவிந்து கிடக்கும். ஒரு தூண் விற்பனைக்கு வந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு வளவு இடிந்திருக்கிறது என்று பொருள். வாங்குவதும் வாங்காததும் அவரவர் மனசாட்சி. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காரைக்குடி வசதி. ஆகவே இரவுக்கு இந்த ஊர், பகலுக்கு வேறு ஊர் என்பது என் கட்சி.

காரைக்குடிக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கும் தேவகோட்டையைப் புகழ்கிறவர்கள் அங்கே கூட்டம் இல்லை என்பார்கள். உண்மைதான். பெரிய வீடுகளுக்கும் குறைவில்லை. ஆனால் ஊரில் தெரிந்தவர் யாரும் இல்லாமல் போனால் மதிற்சுவரை எண்ணிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். முதல் முறை வருகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

வடக்கே திருமயம், கடியாபட்டி வழி இன்னொரு தேர்வு. திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு இது போகிற வழியிலேயே இருக்கிறது. சேதுபதிகள் காலத்துக் கோட்டையும், குன்றைக் குடைந்த சிவன், பெருமாள் கோயில்களும் திருமயத்தில் உண்டு. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் விடுதியாக மாறி நிற்கிறது. வீடு மட்டும் பார்த்துச் சலிக்கும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஆத்தங்குடிப் பாதையைவிடவும் இது பொருந்தும்.

இனி, சொந்த வண்டியா, உள்ளூர் ஓட்டுநரா? பூட்டிய கதவைத் திறக்க வைக்கும் சாமர்த்தியத்தில் உள்ளூர்க்காரரை மிஞ்ச முடியாது. காவல்காரர் பெயர் அவருக்குத் தெரியும், எந்த வீட்டில் விசேஷம் என்பதும் தெரியும். ஆனால் நினைத்த இடத்தில் நிற்கும் உரிமை சொந்த வண்டியில்தான். இரண்டு நாள் கையில் இருந்தால் முதல் நாள் உங்கள் காரில் கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும், மறுநாள் உள்ளூர் வண்டி பிடித்துத் தேவகோட்டை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே நாள்தான் என்றால் காலை எட்டு மணிக்குக் கானாடுகாத்தான் தெருவில் இருங்கள். வெயில் ஏறியபின் ஆத்தங்குடி வீட்டுக்குள் போய்விடலாம். பழைய வீட்டு விடுதிகளில் மதியச் சாப்பாடு வேண்டுமானால் முன்னதாகவே சொல்லி வையுங்கள். சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.