சந்தனச் சுவரா, சாம்பல் சுவரா? ஒரு புகைப்படக் கலைஞரின் மார்கழி வாரம்

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், திருமணப் படம் எடுத்துப் பிழைக்கும் எங்களுக்கு வீட்டைத் திரும்பிப் பார்க்க வாய்க்கும் மாதம் அதுதான். ஆனால் பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று ஊரே பெயிண்டரைத் தேடி அலைவதும் அதே மாதத்தில்தான். நங்கநல்லூரில் தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறையைப் படத்திருத்த அறையாக முறைப்படி மாற்றுவதென்று ஒரு வாரத்தை ஒதுக்கியபோது இந்த நெருக்கடி என் நினைவுக்கு வரவில்லை. திங்கட்கிழமை வருவதாகச் சொன்ன பெயிண்டர் புதன்கிழமைதான் வந்தார். காத்திருந்த இரண்டு நாளும் எரிச்சலாக இருந்தது என்றாலும், வாங்க நினைத்த ஒவ்வொன்றையும் அதன் மாற்றோடு அருகருகே வைத்துச் சோதிக்க அந்த இடைவெளியே உதவியது.

சுவரின் நிறத்துக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தர ஒரு காரணம் உண்டு. கார்த்திகையில் அச்சுக்கு அனுப்பிய ஒரு திருமண ஆல்பம் கைக்கு வந்தபோது முகங்களில் எல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. நலங்குப் படங்களில் அது உறுத்தவில்லை. வரவேற்புப் படங்களில் பளிச்சென்று தெரிந்தது. முதலில் அச்சகத்தைச் சந்தேகித்தேன். அதே கோப்பை அவர்கள் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தபோதும் மஞ்சள் அப்படியே இருந்தது. மானிட்டரை அளவீட்டுக் கருவி வைத்துச் சோதித்தேன். அதிலும் பிழை இல்லை. எஞ்சியிருந்தது அறை மட்டும்தான். சந்தன நிறச் சுவர், அதற்கு மேல் மஞ்சள் ஒளி தரும் விளக்கு. நம்மைச் சூழ்ந்திருக்கும் ஒளி எந்தச் சாயலில் இருந்தாலும் சிறிது நேரத்தில் அதையே வெண்மையாக ஏற்றுக்கொள்வது கண்ணின் இயல்பு. மஞ்சளுக்குப் பழகிவிட்ட கண்ணுக்குச் சரியான வெள்ளையும் நீலம் கலந்ததாகவே தெரியும்; அதைச் சரிசெய்வதாக எண்ணி நானே ஒவ்வொரு படத்திலும் மஞ்சளைக் கூட்டியிருக்கிறேன்.

ஆகவே முதல் ஒப்பீடு சுவருக்கு: வெள்ளை, சாம்பல், கருப்பு. கருப்பைப் பரிந்துரைப்பவர்கள் திரையில் பிரதிபலிப்பே விழாது என்கிறார்கள். அது உண்மை. ஆனால் இருண்ட சூழலில் ஒளிரும் திரையில் படம் இருப்பதைவிட வெளிச்சமாகவும் ஒளி-இருள் மாறுபாடு குறைந்ததாகவும் தோன்றும். அதை நம்பித் திருத்தினால் அச்சு இருண்டு வரும். வெள்ளையின் சிறப்பு வேறு. சிறு பொருள்களையோ கைக்குழந்தைகளையோ அதே அறையில் படமெடுக்கும்போது ஃப்ளாஷைச் சுவரில் மோதவிட்டு மென்மையான ஒளியைப் பெறலாம். அறையும் பெரிதாகத் தெரியும். ஆனால் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால், அதன் வெளிச்சம் திரையில் படிந்து கருமையை வெளுக்கச் செய்யும். நடுநிலைச் சாம்பலே இவை இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. அச்சுப் படங்களைப் பார்வையிடும் சூழலுக்கான ஐ.எஸ்.ஓ 3664 தரநிலையும், சுற்றுப்புறம் நிறச்சாயலற்றதாக, பளபளப்பில்லாததாக, விழும் ஒளியில் 60 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பாததாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

சாம்பல் என்றதும் அம்மா மறுத்துவிட்டார். “வீட்டுக்குள்ள இந்த நிறம் வேண்டாம்ப்பா, பொழுது சாஞ்ச மாதிரி இருக்கும்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஒளியளவீட்டுக்கு நாங்கள் பயன்படுத்தும் 18 விழுக்காட்டுச் சாம்பலை நான்கு சுவரிலும் அடித்தால் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும். நிறங்களை வகைப்படுத்தும் மன்செல் அளவுகோலில் (கருப்பு 0, வெள்ளை 10) 8 என்று குறிக்கப்படும் வெளிர் சாம்பலோ ஏறத்தாழ 59 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புவதால், தரநிலைக்குள்ளும் அடங்குகிறது, அம்மாவின் கண்ணுக்கும் இருட்டாகத் தெரியவில்லை. மானிட்டருக்குப் பின்னிருக்கும் சுவருக்கும் என் முதுகுக்குப் பின்னிருக்கும் சுவருக்கும் மட்டும் அந்தச் சாம்பல், மற்றவற்றுக்கு வெள்ளை என்று முடிவானது.

கடையில் அந்தச் சாம்பலைக் கலந்து வாங்குவதுதான் நான் எதிர்பாராத சிரமம். வெள்ளை அடிப்பூச்சில் கருப்புச் சாயத்தை மட்டும் கலந்தால் வருவது பெரும்பாலும் நீலச் சாயல் உள்ள சாம்பலாகவே இருக்கிறது. கடையின் டியூப்லைட்டில் ஷேடு கார்டைப் பார்த்தபோது எனக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அட்டையில் ஒரு பூச்சு அடித்து ஜன்னலருகே வைத்ததும், “சார், இது கிரே இல்ல, ப்ளூ அடிக்குது” என்று பெயிண்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். பிறகு வேறு இரண்டு குறியீடுகளில் சிறிய டப்பா வாங்கி, மூன்று அட்டைகளிலும் அடித்துக் காயவைத்து, நடுவில் படமெடுப்போர் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருக்கும் சாயலற்ற சாம்பல் அட்டையை நிறுத்தி, ஒரே பகல் வெளிச்சத்தில் ஒரே படமாக எடுத்தேன். அந்தச் சாம்பல் அட்டையைக் கொண்டு வெண்சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி படத்தின் நிறத்தை, சரிசெய்துவிட்டு மற்ற அட்டைகளின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளைப் பார்த்தால் எது சாயலற்றது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது. மூன்றாவது அட்டையில் மூன்று மதிப்புகளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. ஷேடு கார்டை நம்பி முழு டப்பா வாங்குவதைவிட இந்த வழி ஒரு நாள் கூடுதலாக எடுக்கும். அந்த ஒரு நாளைக் கட்டாயம் கொடுக்கலாம்.

பூச்சில் லேசாக மினுங்கும் சாட்டின், மினுங்காத மேட் என்ற தேர்வுக்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. சாட்டினைத் துடைத்துச் சுத்தம் செய்வது எளிது. ஆனால் விளக்கின் உருவம் அதில் மின்னும். இந்த அறைக்கு மேட்தான்.

வடக்குச் சுவரின் கதை தனி. பழைய வீடு என்பதால் அதன் அடிப்பகுதியில் ஓதம் ஏறியிருக்கிறது. மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறி, கரைந்த உப்பையும் உடன் கொண்டுவந்து, மேற்பரப்பில் உலரும்போது உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது. உப்புப் பூத்த இடத்தில் எந்தப் பெயிண்டும் நிற்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்களே ஆன நிலையில், பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பார்த்தபோது, தாளின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. இந்தச் சுவருக்கு எமல்ஷனா, சுண்ணாம்பா என்ற கேள்விக்கு அதுவே விடை சொல்லிவிட்டது. எமல்ஷன் ஒரு படலமாகப் படிந்து ஈரத்தை உள்ளே அடைத்துக்கொள்ளும். சில மாதங்களில் கொப்பளித்து உரியும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியேற விடும்; அதன் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. கையில் ஒட்டும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும் என்ற குறைகள் இருந்தாலும், பளபளப்பே இல்லாத தூய வெள்ளை வேறெதிலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. பட்டி பார்த்து எமல்ஷனே அடித்துவிடலாம் என்று பெயிண்டர் வற்புறுத்தினார். ஈரம் காயாத சுவரில் பட்டியும் சேர்ந்தே உரியும் என்பதால் நான் இணங்கவில்லை.

அடுத்தது விளக்கு. செலவழிக்க ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை இதற்கே கொடுப்பேன். வழக்கமான 20 வாட் எல்.இ.டி டியூப் 6500 கெல்வின் ஒளியைத் தருகிறது (கெல்வின் எண் கூடக் கூட ஒளி நீலத்தை நோக்கிப் போகும்). நிறங்களை உள்ளபடி காட்டும் அதன் திறன், 100ஐ உச்சமாகக் கொண்ட சி.ஆர்.ஐ அளவில் 80ஐ ஒட்டி இருக்கும். நான் வாங்கியது 5000 கெல்வின், சி.ஆர்.ஐ 95 உள்ள டியூப். விலை நான்கு மடங்குக்கு மேல். அதே வாட்டுக்கு வெளிச்சமும் சற்றுக் குறைவு. இரண்டையும் அருகருகே மாட்டி, அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு ஒன்றை அவற்றின் கீழ் மாற்றி மாற்றிப் பிடித்தோம். வழக்கமான டியூபின் கீழ் அது மங்கிய பழுப்பாகவும், மற்றதன் கீழ் அரக்காகவும் தெரிந்தது. மறுத்துக்கொண்டிருந்த அம்மாவே, தன் புடவையின் உண்மையான நிறம் இரண்டாவது விளக்கில்தான் தெரிகிறது என்றார்.

சி.ஆர்.ஐ எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதிலும் ஓர் இடர் இருக்கிறது. அந்த எண் மென்மையான எட்டு மாதிரி நிறங்களின் சராசரி மட்டுமே; ஆழ்ந்த சிவப்பைக் குறிக்கும் ஆர் 9 அதில் சேர்வதில்லை. நீல எல்.இ.டிக்கு மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசி வெள்ளையாக்கும் விளக்குகளில் பலவீனமாக இருப்பது பெரும்பாலும் அந்தச் சிவப்புதான். குங்குமம், பட்டு, முகத்தின் உயிர்ப்பு என்று நம் திருமணப் படங்கள் நிற்பதே சிவப்பில் என்னும்போது, ஆர் 9 மதிப்பைப் பெட்டியில் அச்சிடாத விளக்கை வாங்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு சோதனையும் தேவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று) உள்ள விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடியில் 1000இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் வெற்றுச் சுவரைப் படமெடுத்தால் அது பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆயினும் நல்ல விளக்கை அறை முழுக்கப் பிரகாசமாக எரியவிடுவதும் தவறு. திரை நிறங்களுக்கான எஸ்.ஆர்.ஜி.பி தரம் வரையறுக்கும் பார்வைச் சூழலின் வெளிச்சம் வெறும் 64 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு). அச்சுப் படத்தைப் பார்க்க ஐ.எஸ்.ஓ 3664 சொல்வது 500 லக்ஸ், நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000. ஒரே விளக்கு இரண்டையும் செய்யாது. ஆதலால் மானிட்டருக்குப் பின்னால் மங்கலான ஒரு பட்டை விளக்கையும், அச்சுப் பார்க்கும் மேசைக்கு மேல் அந்த டியூபையும் தனித்தனி சுவிட்சில் வைத்தேன். அதற்காகத் துளையிட்டபோது பழைய செங்கல் பொடிந்து திருகுக்கான பிளக் இரண்டு முறை கையோடு வந்துவிட்டது; மூன்றாவது இடத்தில்தான் திருகு பிடித்தது. சாம்பல் சுவரில் இப்போது இரண்டு வெள்ளைத் தழும்புகள் இருக்கின்றன.

ஜன்னலுக்குக் கருப்புத் தாள் ஒட்டுவதா, தடித்த திரை போடுவதா என்றால் திரைதான். ஓதம் உள்ள அறைக்குக் காற்று வேண்டும்.

அந்த ஓதத்தால்தான் லென்ஸ்களைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 60 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை படரும். அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்துவிட்டால், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் சில நூறு ரூபாயில் முடிகின்றன. மின்சார உலர்பெட்டிக்கு ஆயிரங்கள் ஆகும்; ஆனால் 40 முதல் 50 விழுக்காட்டில் தானே நிலைநிறுத்தும், மின்செலவும் மிகக் குறைவு. காற்றுப்புகாப் பெட்டியையோ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சென்னைக் காற்று உள்ளே போகும். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி மீட்க வேண்டும். நீல நிற ஜெல்லில் இருக்கும் கோபால்ட் குளோரைடு நஞ்சு என்பதால், எந்த ஜெல்லையும் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது என்பதில் அம்மாவும் நானும் ஒரே கருத்தினர். மூன்று லென்ஸ் வைத்துக்கொண்டு வாரந்தோறும் எல்லாவற்றையும் வெளியே எடுப்பவருக்குக் காற்றுப்புகாப் பெட்டி போதும். என்னிடம் ஏழு இருக்கின்றன. அவற்றில் மூன்று முகூர்த்த மாதங்களில் மட்டுமே வெளியே வருபவை. எனவே உலர்பெட்டி வாங்கினேன். தோலுறையில் போட்டுத் துணி பீரோவில் வைப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்; தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை மாலை அதே ஆல்பத்தின் ஆறு பக்கங்களைப் புதிய அறையில் திருத்தி மாதிரி அச்சுக்கு அனுப்பினேன். வந்த பக்கங்களைச் செவ்வாயன்று டியூபுக்குக் கீழே திரையோடு ஒப்பிட்டபோது முகங்களில் மஞ்சள் இல்லை. ஆல்பம் முழுவதையும் என் செலவில் மறுபடி அச்சிட்டுத் தருவதாக அந்தக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டேன். வடக்குச் சுவரில் புதிதாக ஒட்டிய தாளுக்குள் நேற்றும் ஈரம் இருந்தது. மாசி வெயில் ஏறிய பிறகு மறுபடி ஒட்டிப் பார்க்க வேண்டும்.